திருப்தி என்னும் ஐந்து புள்ளி அளவுகோல்: பெருந்தொற்றுக் கால ஆய்வுகளை முன்வைத்து

கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளில் கல்லூரி மாணவர்கள் எந்த அளவுக்குத் திருப்தி அடைந்தார்கள் என்று கேட்கும் ஆய்வுகளை இந்தக் கோடை விடுமுறையில் தேடித் தேடி வாசித்தேன். சில வெளிநாட்டு இதழ்களில் வந்தவை. நிறைய, நம்ம பக்கத்துக் கல்லூரிகள் போட்ட கருத்தரங்கத் தொகுப்புகளில் வந்தவை. மிச்சம், எம்.காம்., எம்.ஏ. மாணவர்கள் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்த ப்ராஜெக்ட்டுகள். வாசித்து முடித்தபோது ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்ப வாசித்த மாதிரிதான் இருந்தது.

திருமங்கலம்னு சொன்னாலே வெளியூர்க்காரர்கள் 2009 இடைத்தேர்தலை நினைத்துக்கொண்டு 'ஃபார்முலா' என்று சிரிப்பார்கள். இந்த ஆய்வுகளுக்கும் ஒரு ஃபார்முலா இருக்கு. கூகுள் ஃபார்மில் இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் உடன்படவில்லை' தொடங்கி 'முற்றிலும் உடன்படுகிறேன்' வரை ஐந்து புள்ளி. 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் கொண்டுவந்த முறை. லிங்கை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டியது. வந்த பதில்களை எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஏற்றி, க்ரான்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் இருக்கான்னு பார்த்து, ஒரு கை-ஸ்கொயர் போட்டு, 'பெரும்பான்மை மாணவர்கள் திருப்தியுடன் உள்ளனர். எனினும் நெட்வொர்க் பிரச்சினை உள்ளது' என்று முடிக்க வேண்டியது. அந்த 'எனினும்' ஒரு வரியோடு சரி.

பட்டம் வாங்க எழுதிய ப்ராஜெக்ட், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் 2021 மே மாதம் யுஜிசி கலப்பு முறைக் கற்பித்தல் குறித்து ஒரு கருத்துக் குறிப்பு வெளியிட்டது. எந்தப் பாடத்திலும் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஸ்வயம் விதிமுறையிலும், ஒரு செமஸ்டரின் படிப்புகளில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பை உயர்த்தினார்கள். நாளைக்கு ஒரு கல்லூரி நிர்வாகம் ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் வீடியோவைக் காட்டி ஓட்டிவிடலாம் என்று முடிவெடுத்தால், 'மாணவர்கள் ஏற்கெனவே திருப்தியாத்தானே இருந்தாங்க' என்று சொல்ல இந்த ஆய்வுகள் கைவசம் இருக்கும். அதனால்தான் இவற்றைக் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததை வரிசையாக நினைவுபடுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2020 மார்ச் 17 முதல் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 31 வரைக்கும் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஜூன் கடைசியில் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு. இறுதியாண்டு மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பியது அந்த டிசம்பரில். மற்றவர்கள் 2021 பிப்ரவரி 8இல். மார்ச் கடைசி வாரத்தில் திரும்பவும் மூடினார்கள். அடுத்துத் திறந்தது செப்டம்பர் 1. அப்புறம் 2022 ஜனவரியில் ஒமிக்ரான். 2020இல் பி.ஏ. சேர்ந்த ஒரு பையன் முதல் வருசத்தில் வகுப்பறையில் உட்கார்ந்தது மொத்தமே ஆறு வாரம். தன் பெஞ்சில் யார் உட்காருவார் என்று தெரிவதற்குள் வருசம் முடிந்துபோனது.

அரசு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா தருவதாக அறிவித்தது 2021 ஜனவரி 10இல். 9,69,047 மாணவர்களுக்கு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்லூரி மூடிப் பத்து மாசம் ஆன பிறகு, திறக்க நாலு வாரம் இருக்கும்போது வந்தது. அந்தப் பத்து மாசமும் ரீசார்ஜ் காசு வீட்டுக் காசு. அப்பாவுக்கு வேலை இல்லாத மாசங்களில் எடுத்த காசு.

இப்போது ஆய்வுகளுக்கு வருவோம். யாரிடம் கேட்டார்கள்? ஆன்லைனில் இருந்தவர்களிடம், ஆன்லைனில் கேட்டார்கள். பஸ்ஸுக்குள் ஏறியவர்களிடம் மட்டும் 'பஸ் கிடைச்சுச்சா?'ன்னு கேட்கிற கதை. 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்றின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம், இணைய வசதி இருந்தவை 14.9 சதவீதம். அடுத்த இரண்டு வருசத்தில் ஃபோனும் டேட்டாவும் மலிந்து நிலைமை மாறியது உண்மை. ஆனாலும் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்ஃபோன் என்பது வேறு, படிக்கிற பிள்ளைக்கு ஒரு ஸ்மார்ட்ஃபோன் என்பது வேறு.

இந்த விஷயத்தில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2020இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பை மெச்சிச் சொல்லணும். இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் மாணவர்களிடம் கேட்டார்கள். திருப்தியா என்று ஆரம்பிக்காமல், வகுப்பு நடத்தினால் உங்களால் வர முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றவர்கள் 37 சதவீதம். அவ்வப்போதுதான் முடியும் என்றவர்கள் 45. முடியவே முடியாது என்றவர்கள் 18. அது மத்தியப் பல்கலைக்கழகம். நாடு முழுக்க இருந்து தேர்வெழுதி வந்து சேர்ந்தவர்கள். அங்கேயே அப்படி என்றால் சாப்டூர், சேடபட்டி பக்கமிருந்து பஸ் பாஸில் திருமங்கலத்துக்கோ மதுரைக்கோ வந்து படிக்கிற பிள்ளைகளின் நிலை என்னவாக இருந்திருக்கும்? டவர் கிடைக்கிற இடம் தேடிக் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து பேசுவதாக ஒரு பையன் சொன்னான். காற்றுச் சத்தத்தில் அவன் சொன்னதில் பாதிதான் எனக்குக் கேட்டது.

அடுத்து, என்ன கேட்டார்கள் என்பது. மேற்கோளாக அடிக்கடி கண்ணில் பட்டது ராம் கோபால், வர்ஷா சிங், அருண் அகர்வால் மூவரும் 'எஜுகேஷன் அண்ட் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜீஸ்' இதழில் 2021இல் எழுதிய கட்டுரை. மேலாண்மையும் ஹோட்டல் நிர்வாகமும் படித்த 544 இந்திய மாணவர்களிடம் ஆன்லைனில் கேட்டு எழுதியது. திருப்தியைத் தீர்மானிக்கும் காரணிகளாக நான்கை எடுத்துக்கொள்கிறார்கள்: ஆசிரியரின் தரம், பாட வடிவமைப்பு, உடனடிப் பின்னூட்டம், மாணவரின் எதிர்பார்ப்பு. நான்கும் திருப்தியைக் கூட்டுகின்றன, திருப்தி மாணவரின் செயல்திறனைக் கூட்டுகிறது என்பது முடிவு. கணிதம் சுத்தமாகத்தான் இருக்கிறது. புள்ளியியல் தெரிந்தவர்கள் செய்தது, கருத்தரங்கத் தொகுப்புக் கட்டுரைகளோடு இதைச் சேர்த்துவிட முடியாது.

ஆனால் அந்த நான்கில் ஃபோன் இல்லை. சிக்னல் இல்லை. வீட்டில் உட்கார இடம் இருந்ததா என்பது இல்லை. வீட்டில் வருமானம் நின்றதா, யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தார்களா என்பதும் இல்லை. மாதிரிக்குள் நுழையாத காரணி முடிவில் எப்படி வரும்? வாத்தியார் நல்லா நடத்தினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது ஆய்வு செய்யாமலே தெரிந்த விஷயம். வேறெதையும் கேட்காமல் அதை மட்டும் கேட்டுவிட்டு அதையே முடிவாகச் சொல்லும்போது, பெருந்தொற்றுக் காலத்துக் கல்வி நன்றாக இருந்ததும் வாத்தியாரால், மோசமாக இருந்ததும் வாத்தியாரால் என்று ஆகிவிடுகிறது. அரசுக்கும் நிர்வாகத்துக்கும் இதைவிட வசதியான முடிவு கிடைக்காது.

செயல்திறன் என்பதும் மார்க் ஷீட்டிலிருந்து எடுத்தது இல்லை. அதே படிவத்தில், அதே பத்து நிமிசத்தில், மாணவர் தன்னைப் பற்றித் தானே சொன்னது. நல்ல மனநிலையில் இருக்கிற பையன் மேலேயும் 4 போடுவான், கீழேயும் 4 போடுவான். ரெண்டு நாலும் பொருந்துவதைப் பார்த்துவிட்டு 'திருப்தி செயல்திறனை உயர்த்துகிறது' என்று சொல்ல முடியுமா?

பெரிய அளவில் நடந்ததும் உண்டு. அலெக்சாண்டர் அரிஸ்டோவ்னிக் குழுவினர் 2020 மே, ஜூனில் 62 நாடுகளில் 30,383 மாணவர்களிடம் எடுத்தது. அதுவும் லிங்க் கிடைத்தவர்கள் நிரப்பியதுதான். எண்ணிக்கை முப்பதாயிரம் ஆனதால் வராதவன் வந்தவன் ஆகிவிட மாட்டான்.

'திருப்தி' என்கிற சொல்லிலேயே எனக்குப் பெரிய சந்தேகம் உண்டு. கல்விக்குள் இந்தச் சொல் வந்த வழி சந்தைப் படிப்பு. வாங்குபவர் எதை எதிர்பார்த்தார், எது கிடைத்தது, இரண்டையும் ஒப்பிடும்போது வருவதுதான் திருப்தி என்று 1980இல் ரிச்சர்ட் ஆலிவர் எழுதினார். 1988இல் பரசுராமன், ஸைதம்ல், பெர்ரி மூவரும் சேவையின் தரத்தை அளக்க செர்வ்குவால் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். (முதலாமவர் சென்னை ஐஐடியில் படித்தவர்.) ஹோட்டலுக்கும் பேங்குக்கும் இது பொருந்தும். இட்லி சரியில்லை என்றால் எதிர்க்கடைக்குப் போகலாம். செமஸ்டர் பீஸ் கட்டிவிட்டு ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைக்கு எதிர்க்கடை எங்கே இருந்தது?

ஆலிவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் வருகிறது. எதிர்பார்ப்பு இறங்கினால் திருப்தி ஏறும். 2020 ஜூலையில் எங்கள் மாணவர்கள் என்ன எதிர்பார்த்தார்கள்? படிப்பே நின்றுபோகுமோ, வருசம் வீணாகுமோ என்ற பயத்தில் இருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து ஃபோனைத் தூக்கி வைத்துக்கொண்டு கரகரத்த குரலில் நாற்பது நிமிசம் பேசினார் என்றால், அதற்கே நன்றி சொல்கிற மனநிலை. அந்த நன்றியைத்தான் படிவம் 4 என்று பதிவு செய்தது.

இதற்கு நல்ல முன்னுதாரணம் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டிய ஒரு பழைய கணக்கெடுப்பு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருசம், 1944இல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் எடுத்தது. உடம்பு சரியில்லை, அல்லது சுமார்தான் என்று சொன்ன மனைவியை இழந்த ஆண்கள் 48.5 சதவீதம். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 சதவீதம். அந்தப் பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்றா அர்த்தம்? 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லிப் பழகியவர்கள். முறையிட உரிமை உண்டு என்ற நினைப்பே இல்லாதவர்களிடம் குறை என்ன என்று கேட்டால் பதில் அப்படித்தான் வரும்.

தமிழ்நாட்டில் 2019-20 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 51.4 சதவீதம்; அந்த ஆண்டு இந்தியச் சராசரி 27.1. பெருமைப்பட வேண்டிய எண். இந்த எண்ணுக்குள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்ததே பெரிசு என்று நினைக்கிற வீட்டுப் பிள்ளை, கல்லூரி தனக்கு எதைத் தரவில்லை என்று கணக்குப் பார்த்துக் கோபப்பட இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

அப்புறம் மொழி. ஆங்கிலத்தில் அச்சான கேள்வித்தாள் தமிழ்நாட்டு வீட்டுக்குள் வரும்போது என்ன ஆகிறது என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. நம்ம பக்கம் 'திருப்தியா?' என்ற கேள்வி அதிகமாகக் கேட்கப்படுவது பந்தியில். கல்யாண வீட்டில் கை கழுவிவிட்டு வரும்போது பெண்ணோட அப்பா கையைப் பிடித்துக்கொண்டு 'சாப்பாடு திருப்தியா இருந்துச்சாங்க?' என்று கேட்டால், சாம்பார் தண்ணியா இருந்துச்சு என்று எவனும் சொல்ல மாட்டான். சொன்னால் அவன் மதுரைக்காரன் இல்லை. அது விசாரிப்பு. அதற்குப் பதில் மரியாதை.

அதே மாதிரி 'பரவாயில்லை'. ஐந்து புள்ளி அளவுகோலில் இதை எங்கே வைப்பது? 'வகுப்பு எப்படிப்பா போகுது?' 'பரவால்ல சார்.' ஒருத்தன் சொன்னால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். இன்னொருத்தன் சொன்னால் சகித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். மூன்றாமவன் சொன்னால், இதைப் பேசி என்ன ஆகப்போகுது, விடுங்க என்று அர்த்தம். குரலைக் கேட்டால் தெரிந்துவிடும். படிவத்தில் குரல் இல்லை. அங்கே மூன்று பேரும் 3 அல்லது 4 போடுகிறார்கள். ஒரு கணக்கெடுப்பின் சராசரி 3.6 என்று வரும்போது நான் அதைப் 'பரவாயில்லை' என்றுதான் வாசிக்கிறேன். ஆய்வாளர் அதைத் 'திருப்தி' என்று மொழிபெயர்க்கிறார்.

யார் கேட்டது என்பதும் முக்கியம். லிங்க் வந்தது வகுப்புக் குரூப்பில். போட்டவர் பாடம் எடுக்கிறவர், அல்லது அவருடைய சக ஆசிரியர். சில படிவங்களில் மின்னஞ்சல் முகவரி கட்டாயம். சிலவற்றில் பதிவு எண்ணே கட்டாயம். இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தன் பெயரோடு 1 அனுப்புகிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? நான் பார்த்த ப்ராஜெக்ட்டுகள் பலவற்றில் இது ஒரு குறை என்றுகூட எழுதவில்லை. 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று இருந்தது.

ஒரு ப்ராஜெக்ட்டில் மட்டும் பின்னிணைப்பாக, 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்ற கடைசிப் பெட்டியில் வந்த பதில்களை அப்படியே டைப் செய்து சேர்த்திருந்தார்கள். பக்கம் நிரப்பத்தான் சேர்த்திருக்க வேண்டும். வைவாவில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த ஆறு பக்கம் முன்னாடி இருந்த நாற்பது அட்டவணையைவிட அதிகம் சொல்லியது. அக்காவுக்கும் தனக்கும் ஒரே ஃபோன், இருவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்று ஒருத்தி. வகுப்பு நேரத்தில்தான் குடத்தண்ணி வரும் என்று ஒருத்தி. காதில் ஹெட்செட் இருப்பதால் வேலைக்குக் கூப்பிட்டும் வரலை என்று அம்மா திட்டுவதாக இன்னொருத்தி. இதே ப்ராஜெக்ட்டின் முடிவுரையில், மாணவிகள் மாணவர்களைவிட அதிகத் திருப்தியுடன் இருந்தார்கள் என்று கை-ஸ்கொயரோடு எழுதியிருந்தது. சிங்கூர் நினைவுக்கு வந்தது அங்கேதான்.

திருப்தியின் இன்னொரு முகமும் உண்டு. என் வகுப்பிலேயே ஒரு பையன் கப்பலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். மீட்டில் சேர்ந்துவிட்டு ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வருகைப் பதிவு கிடைத்துவிடும், சம்பளமும் கிடைத்துவிடும். கல்லூரி திறந்தபோது ரொம்ப வருத்தப்பட்டவன் அவன்தான். 'சார், ஆன்லைனே நல்லாருந்துச்சு சார்.' அவனைக் கேட்டால் 5 போடுவான், மனசார. அவன் வீட்டு நிலைமைக்கு அது நியாயமான 5. ஆனால் அதில் பாடம் பற்றி ஒரு தகவலும் கிடையாது. வகுப்பு ஒரு ரேடியோ மாதிரி அவன் பையில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதே வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிற பெண்பிள்ளை ஒருத்தி, கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் லைன் போகிறது என்று தினமும் ஆத்திரப்படுவாள். அவள் 1 போடுவாள். இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 3. அந்த 3 யாருடையது?

கற்றது என்கிற உணர்வும் கற்றதும் ஒன்றல்ல என்பதற்குப் பெருந்தொற்றுக்கு முன்பே சான்று வந்துவிட்டது. 2019இல் லூயி டெலோரியே குழுவினர் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்து பார்த்தார்கள். சும்மா உட்கார்ந்து சொற்பொழிவு கேட்ட மாணவர்கள் நிறையக் கற்றுக்கொண்டதாக நினைத்தார்கள். தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்ட மாணவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சோதனை வைத்தபோது முட்டி மோதியவர்களுக்குத்தான் மார்க் அதிகம். அது நேர்வகுப்பு, ஆன்லைனுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மாணவர் சொல்லும் உணர்வை வைத்துக் கற்றலை அளக்கப் போகிறவர்கள் தாண்டிப் போக முடியாத ஆய்வு. நான் பார்த்த தொகுப்புகளில் ஒன்றில்கூட இதன் பேச்சில்லை.

இப்போது மதுரைத் தெருவுக்கு வருவோம். 2021 நவம்பரில் மதுரையில் கல்லூரி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னால் திரண்டார்கள். பாடம் ஆன்லைனில் நடத்தினீர்கள், தேர்வையும் ஆன்லைனில் வையுங்கள் என்பது கோரிக்கை. போலீஸ் வழக்குப் போட்டது. அப்புறம் திரும்பப் பெறுவதாக உயர்கல்வி அமைச்சர் பொன்முடி சொன்னார். தேர்வை ஜனவரி 20க்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள். அதற்குள் ஒமிக்ரான் வந்து, கடைசியில் 2022 பிப்ரவரியில் ஆன்லைனிலேயே நடந்தது.

அப்போது ஊரெல்லாம் ஒரே கிண்டல். பிட்டு அடிக்கப் போராட்டமா, புஸ்தகத்தைப் பார்த்து எழுத ஊர்வலமா என்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதிய தேர்வுகளின் லட்சணம் தெரியும். ஒரே கையெழுத்தில் நாலு பேர் பேப்பர் வந்த காலம். 2020 ஆகஸ்டில் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் அனைவரும், இறுதி செமஸ்டர் தவிர, தேர்ச்சி என்று அப்போதைய முதல்வர் பழனிசாமி அறிவித்தபோது அவரை வாழ்த்திச் சுவரெல்லாம் போஸ்டர். அந்த வாரம் யாராவது திருப்தி சர்வே எடுத்திருந்தால் 5க்கு 5 வந்திருக்கும்.

ஆனால் கிண்டல் செய்தவர்கள் கவனிக்காதது ஒன்று. தனக்குப் பாடம் புரிந்திருக்கிறது, ஹாலில் உட்கார்ந்து மூணு மணி நேரம் எழுத முடியும் என்று நம்புகிற மாணவன் ரோட்டுக்கு வர வேண்டிய அவசியம் என்ன? அந்தக் கூட்டம் சொன்னது, நாங்கள் படிக்கவில்லை, எங்களால் எழுத முடியாது என்பதைத்தான். பெயர் தெரியாது, பதிவு எண் கேட்கவில்லை, ஐந்து புள்ளி இல்லை. ஆன்லைன் கல்வி பற்றி மதுரை மாணவர்கள் தந்த மதிப்பீடுகளில் நான் நம்புகிற ஒரே மதிப்பீடு அதுதான். அந்த வருசமே வெளிவந்த தொகுப்புகளில் அதே மாணவர்கள் திருப்தியுடன் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசிய ஓர் ஆய்வு என் கண்ணில் படவில்லை.

இன்னொரு விடுபடல் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியை ஆரம்பித்தது 1971இல். இந்தப் பக்கத்தில் போலீஸ்காரர், கிளார்க், இடைநிலை ஆசிரியர் என்று அஞ்சலில் பி.ஏ. முடித்தவர் இல்லாத தெரு குறைவு. அச்சிட்ட பாடம் வீட்டுக்கு வரும். சனி ஞாயிறு நேர்வகுப்பு இருக்கும். காமராசர் பல்கலைக்கழக வளாகத்திலேயே கல்விப் படங்கள் எடுக்கிற பல்லூடக ஆய்வு மையமும் இருக்கிறது. தூரத்திலிருந்து படிப்பது எப்படி என்று ஐம்பது வருச அனுபவம் நாகமலைப் பக்கத்தில் கிடக்கும்போது, ஆய்வுகள் எல்லாம் தொலைநிலைக் கல்வி 2020 மார்ச்சில் வானத்திலிருந்து விழுந்த மாதிரி ஆரம்பிக்கின்றன. திட்டமிட்டு நடத்தும் ஆன்லைன் கல்வி வேறு, நெருக்கடியில் அள்ளிக் கட்டியது வேறு என்று சார்ல்ஸ் ஹாட்ஜஸும் மற்றவர்களும் 2020 மார்ச் மாதமே எழுதிவிட்டார்கள். அதை மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டிவிட்டு இரண்டையும் ஒன்றாகவே அளக்கிறார்கள். என் மாணவர்களுக்கு அந்த வருசம் உண்மையிலேயே உதவியது ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ்தான். அச்சிட்ட பாடம் வேண்டுமா, லைவ் வகுப்பு வேண்டுமா என்று யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

கிட்டத்தட்ட அப்படிக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். முத்துப்பிரசாத் குழுவினர் வேளாண்மை படித்த 307 மாணவர்களிடம் எடுத்த ஆய்வு 2021இல் வந்தது. அதுவும் ஆன்லைன் படிவம்தான், மாதிரியும் சின்னதுதான். ஆனால் திருப்தியா என்று நிற்காமல், எந்தக் கருவியில், எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் ஸ்மார்ட்ஃபோன் என்றார்கள். பதிவுசெய்த வகுப்பும் முடிவில் ஒரு க்விஸ்ஸும் இருந்தால் நல்லது என்றார்கள். அதாவது, உங்கள் நேரத்துக்கு எங்களால் வர முடியாது, எங்கள் நேரத்தில் கேட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். இதை வைத்து ஒரு கல்லூரி ஏதாவது செய்ய முடியும். சராசரி 3.6ஐ வைத்து என்ன செய்ய முடியும்?

இப்படியே இன்னும் கேட்கலாம். போன வாரம் எத்தனை வகுப்பில் சேர்ந்தாய், யாருடைய ஃபோனில், எங்கே உட்கார்ந்து? நடுவில் எத்தனை தடவை லைன் போனது? கடைசியாக எப்போது ஒரு கேள்வி கேட்டாய்? நேற்று நடத்தியதை எனக்கு நாலு வரியில் சொல்லு. இவை நினைவிலிருந்து சொல்லக்கூடியவை, மரியாதைக்காக மாற்றிச் சொல்ல அவசியமில்லாதவை. எல்லாவற்றுக்கும் மேல், உன்கூடப் படித்தவர்களில் இப்போது யார் வரவில்லை, ஏன்? இந்தக் கேள்விக்கு மாணவர்களிடம் பதில் தயாராக இருக்கும். கல்யாணம் ஆயிருச்சு, திருப்பூருக்குப் போயிட்டான், அப்பா தவறிட்டாரு. அவர்களின் திருப்தி எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புக் கேட்டு வந்த ஒரு எம்.ஏ. மாணவியிடம் இதைச் சொன்னேன். அவளும் 'கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' மாதிரி ஒன்றைத்தான் யோசித்து வைத்திருந்தாள். கூகுள் ஃபார்ம் வேண்டாம்மா, ரெண்டே ரெண்டு லிஸ்ட் வாங்கு என்றேன். 2019இலும் 2020இலும் சேர்ந்தவர்களின் நாமினல் ரோல் ஒன்று. அவர்கள் கடைசி செமஸ்டர் எழுதும்போது ஹால் டிக்கெட் வாங்கினவர்களின் பட்டியல் இன்னொன்று. முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாத பெயர்களை எடு, ஊர் வாரியாகப் பிரி, முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் பாரு. பேரையிலிருந்து கள்ளிக்குடி வரைக்கும் டவுன் பஸ்ஸில் போய்விடலாம். அவள் படிக்கிற கல்லூரியில் ஆபீஸ் ரூமில் போய்க் கேட்டிருக்கிறாள். 'போனவுகளப் பத்தி எதுக்கும்மா, இருக்கவுங்ககிட்ட ஃபார்ம் குடுத்து வாங்கு' என்றார்களாம். மூணாவது தடவையாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். லிஸ்ட் இன்னும் வரவில்லை.